குழந்தைகள் நலக் குழு பார்த்த பையன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வந்தால்: பழைய கோப்பு எங்கே போகிறது?

#1 பெரம்பூர் தன்னார்வலர்

வணக்கம். ஒரு மாதிரி வழக்கை வைக்கிறேன். இது யாருடைய உண்மைக் கதையும் இல்லை. பல கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைச் சேர்த்துக் கட்டியது.

பையனுக்கு 15 வயது. ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அம்மா வீட்டு வேலைக்குப் போனதால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. 14 வயதில் பாட்டியிடம் ஒப்படைப்பு. இதற்குள் கூவம் கரை வீடு இடிபட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒதுக்கியாகிவிட்டது. படிப்பு எட்டாம் வகுப்பு பாதியில் நின்றது. இப்போது சிந்தாதிரிப்பேட்டையில் செல்போன் பறிப்பு. கூட ஒரு 20 வயதுக்காரர். பையன் இப்போது, விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைக்கும் கெல்லிஸ் கூர்நோக்கு இல்லத்தில்.

மூன்று கேள்விகள். நலக் குழுவிடம் இருக்கும் ஐந்து வருடக் கோப்பை நீதிக் குழுமம் பார்க்குமா, யாராவது கேட்டால்தான் வருமா? ஜாமீனுக்கு ஆள் இல்லை என்றால் என்ன வழி? "வெளியே விட்டால் கெட்டுப்போவான், உள்ளே இருப்பதே பாதுகாப்பு" என்று எல்லோரும் சொல்கிறார்களே, சட்டப்படி அது நிற்குமா?

#2 ஓட்டேரி வக்கீல்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அதற்கு முன் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம்: எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பறிப்பு என்றால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 304. அதிகபட்சம் மூன்று வருடம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் கணக்கில் மூன்று வருடம் வரை உள்ளதெல்லாம் சிறு குற்றம். அதே சம்பவத்தில் "மிரட்டினான்" என்று ஒரு வரி சேர்ந்தால் 309, கொள்ளை. அதிகபட்சம் பத்து வருடம், குறைந்தபட்சம் கிடையாது. ஆக கடுமையான குற்றம் என்ற நடுப்பிரிவுக்குப் போகும். "கத்தியைக் காட்டினான்" என்று இன்னொரு வரி சேர்ந்தால் 311. அங்கே குறைந்தபட்சமே ஏழு வருடம், அதனால் கொடுங்குற்றம். 16 முடிந்த பையனாக இருந்தால் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் 15ஆம் பிரிவின் முதற்கட்ட மதிப்பீடு வரைக்கும் போய்விடும். ஒரே செல்போன், வாக்குமூலத்தில் இரண்டு வரி வித்தியாசம். கத்தி கைப்பற்றப்பட்டதா, கைப்பற்றியதை எழுதும் மகஜரில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

உங்கள் பையனுக்கு 15. எனவே மதிப்பீடு வராது. ஆனால் வயதுச் சான்றை உடனே கையில் வையுங்கள். 94ஆம் பிரிவு: முதலில் பள்ளிப் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, இல்லையென்றால் மாநகராட்சி, ஊராட்சி பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை, அதுவும் 15 நாளில் முடிய வேண்டும். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாமல் "ஜூன் 1" என்று தோராயமாகப் போட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றில் வேறு இருக்கும். இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் தாக்கல் செய்துவிட்டுப் பின்னால் வருத்தப்படாதீர்கள்.

இனி ஜாமீன். 12ஆம் பிரிவில், ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பேச்சே இல்லை. பிணையோடோ பிணை இல்லாமலோ விட வேண்டும். அல்லது நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையிலோ தகுந்த ஒருவரின் பொறுப்பிலோ விடலாம். மறுக்க மூன்றே காரணம்: தெரிந்த குற்றவாளியோடு சேர வாய்ப்பு, உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது. குற்றம் பெரியது என்பது அந்த மூன்றில் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். "தெரிந்த குற்றவாளி" என்றால் யார் அந்த ஆள், அவர் இப்போது எங்கே? நம் வழக்கில் அந்த 20 வயதுக்காரர் ரிமாண்டில் இருந்தால் அந்த வாதமே விழுந்துவிடுகிறது.

நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளே இருந்தால் 12(4)இன் கீழ் குழுமத்தின் முன் மறுபடி கொண்டுவந்து நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். இதைக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு பிணையாள் கிடைக்காமல் இரண்டு மாதம் உள்ளே இருக்கும் பிள்ளைகள் இருப்பது அதனால்தான்.

#3 கீழ்ப்பாக்கம் ரவுண்டு

//குழு, குழுமம்// இந்த இரண்டையும் புதிதாக வருகிறவர்கள் குழப்பிக்கொள்வதற்குப் பெயர்தான் காரணம். இரண்டு எழுத்துதான் வித்தியாசம். நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கு. நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும்; சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தைகளுக்கு. இழையில் இனி "நலக் குழு", "குழுமம்" என்றே எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

#4 வியாசர்பாடி சுரேகா

அப்படியானால் குழுமம் எடுத்துக்கொண்டதும் நலக் குழு ஆணை காலாவதியாகிவிடுமா? அலுவலகத்தில் "அவன் இப்போ அந்தப் பக்கத்துக் கேஸ்" என்று சொல்லிவிடுகிறார்களே.

#5 நன்னடத்தை நோட்டு

ஆகாது மேடம். "அந்தப் பக்கத்துக் கேஸ்" என்ற சொல்தான் இந்த இழையின் முழுப் பிரச்சினையும்.

சட்டத்தின் 8(3)(ஜி) பிரிவைப் படியுங்கள். சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை, அதே நேரத்தில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. விசாரணையின் எந்தக் கட்டத்திலும் அந்தப் பகுதியை நலக் குழுவுக்கு அனுப்பலாம், இரண்டு அமைப்புகளும் சேர்ந்து பார்க்க வேண்டிய தேவை உண்டு என்கிறது. 17(2)இல், குற்றம் நிரூபணமாகாமல் குழந்தைக்குப் பராமரிப்பு மட்டும் தேவை என்று தெரிந்தாலும் நலக் குழுவுக்கு அனுப்பலாம் என்கிறது. பிரிவு இருக்கிறது, கேட்பாரில்லை.

கோப்பு தானாக வராது என்பதுதான் முதல் கேள்விக்குப் பதில். காவல் நிலையம் அனுப்பும் சமூகப் பின்னணி அறிக்கையில் "இதற்கு முன் இல்லத்தில் இருந்தானா" என்பதற்குப் பையன் சொன்னதையோ சொல்லாததையோ எழுதுவார்கள். பையன் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வான். சொன்னால் திரும்பவும் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு பக்க மனு. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் கொடுக்கலாம். அதில் இவ்வளவு போதும்:

"மேற்படி குழந்தை இன்ன ஆண்டு முதல் சென்னை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி பராமரிப்பில் இருந்தவர். பிரிவு 8(3)(ஜி)இன்படி அக்குழுவின் கோப்பு, தனிநபர் பராமரிப்புத் திட்டம், ஒப்படைப்பு ஆணை, தொடர்கண்காணிப்பு அறிக்கைகள் ஆகியவற்றை வரவழைத்து, குழந்தையின் பராமரிப்பு தொடர்பான பகுதியை அக்குழுவுக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம்."

இதில் "தொடர்கண்காணிப்பு அறிக்கைகள்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பாட்டியிடம் ஒப்படைத்த பிறகு யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது அதில்தான் தெரியும். அது காலியாக இருந்தால் அந்தக் காலியே உங்கள் வாதம். பையனைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு அரசு கையைக் கழுவிக்கொண்டது என்பதை வேறு எந்தத் தாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

#6 பெரம்பூர் தன்னார்வலர்

நன்றி சார். சமூக விசாரணை அறிக்கை பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். எஸ்.ஐ.ஆர். என்றால் இப்போது எல்லோரும் வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் :)

#7 நன்னடத்தை நோட்டு

நம்முடையது அதைவிடப் பழைய எஸ்.ஐ.ஆர்.! முதல் முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளில் குழுமத்துக்கு வர வேண்டும். நலக் குழு வழக்கிலும் அதே 15 நாள்தான். படிவம் வேறு: குழுமத்துக்கு 6, நலக் குழுவுக்கு 22.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், போன அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றிவிடுவதில். "தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், சேர்க்கை சரியில்லை, பொருளாதார நிலை மோசம்." சென்னையில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். இதை வைத்து ஒரு குழுமம் என்ன முடிவெடுக்கும்?

இந்த மாதிரிப் பையனுக்கு அறிக்கையில் இருந்தே ஆக வேண்டியது இடமாற்ற அட்டவணை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த இல்லம், யார் ஆணை, மாற்றியதற்கு எழுதப்பட்ட காரணம் என்ன. "நடத்தை சரியில்லை" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாத ஆலோசகர் குறிப்பைக் கேளுங்கள். பல நேரம் இல்லத்தில் மூத்த பையன்கள் அடித்ததோ, தம்பியை வேறு இல்லத்தில் போட்டதோ அதில் இருக்கும். அட்டவணைக்குப் பக்கத்திலேயே பள்ளியை எழுதுங்கள்: ஒவ்வொரு மாற்றமும் கல்வியாண்டின் எந்த மாதத்தில் நடந்தது, கடைசியாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எந்தத் தேதி. நவம்பரில் பள்ளி மாற்றப்பட்ட பிள்ளை ஜனவரியில் நின்றுபோவது அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், விளக்கமே வேண்டாம்.

அடுத்தது, மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை வீட்டில் யார் இருக்கிறார்கள். வீட்டுப் பார்வைக்குக் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதுவதில் பயனில்லை. பெரும்பாக்கத்தில் பாதிப் பெண்கள் காலை ஐந்தரை பஸ்ஸில் நகரத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் போங்கள்.

போதைப் பழக்கம் இருந்தால் எது, எவ்வளவு நாளாக என்று பிரித்து எழுதுங்கள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும், வலி நிவாரண மாத்திரையும், கஞ்சாவும் ஒரே சிகிச்சை இல்லை. மாத்திரை என்றால் விட்ட முதல் சில நாள் உடம்பு முறுக்கும், தூக்கம் வராது. கூர்நோக்கு இல்லத்தில் அதை "முரண்டு பிடிக்கிறான்" என்று எழுதிவைப்பார்கள், பின்னால் அதுவே ஜாமீனுக்கு எதிராக வரும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை கெல்லிஸிலிருந்து கூப்பிடு தூரம்தான். மருத்துவக் குறிப்பு முதல் வாரத்திலேயே வாங்க முடியும்.

#8 தாம்பரம் தடம்

ஒரு முக்கியமான எல்லைப் பிரச்சினையை யாரும் சொல்லவில்லை. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். காவல்துறைக்குத் தாம்பரம் ஆணையரகம். சம்பவம் சென்னையில் நடந்ததால் குழுமம் சென்னை. பழைய நலக் குழுவும் சென்னை. ஆனால் இனி பையனுக்கு நிதி ஆதரவு, வீட்டுப் பார்வை, தொடர்கண்காணிப்பு எல்லாம் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சென்னை அலகுக்கு மனு போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தால் "எங்கள் எல்லை இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும்.

ரேஷன் கார்டில் இன்னும் சிந்தாதிரிப்பேட்டை முகவரியே இருக்கும், அது வேறு குழப்பம். குழுமத்தின் ஆணையில் தற்போதைய முகவரியை எழுத வையுங்கள். 95ஆம் பிரிவின்படி குழந்தை வசிக்கும் இடத்துக் குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆணை நகல் இரண்டு மாவட்ட அலகுக்கும் போக வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி.

#9 தரவுப்பித்தன்

எல்லாம் சரி. ஆனால் "இல்லத்தில் வளர்ந்தவன், அதனால்தான் இப்படி" என்ற தொனி இழையில் ஏறுகிறது. எண்களை நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. சிறுவயதில் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 பேர். ஒப்பீட்டுக்கு அதே வயது, அதே பின்னணிக் குழு. இளம்வயதில் கைதானவர்கள் முதல் குழுவில் 26 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ 17. வித்தியாசம் உண்மை. ஆனால் முதல் குழுவிலும் நான்கில் மூன்று பேர் கைதாகவே இல்லை. இதைச் சொல்லாமல் 26ஐ மட்டும் சொல்பவர்கள் அதிகம்.

2008இல் ஜோசப் ரயனும் உடனிருந்தவர்களும் லாஸ் ஏஞ்சலிஸ் தரவில் பார்த்தது இன்னும் பயனுள்ளது: அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளிலேயே, குழுவாக வைக்கும் இல்லங்களில் இருந்தவர்கள் கைதாகும் வாய்ப்பு வளர்ப்புக் குடும்பங்களில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, வீட்டில் நடந்தால் அம்மா திட்டி முடிக்கும் சண்டைக்கு இல்லத்தில் போலீஸைக் கூப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2018இல் இதற்கென்றே ஒரு தேசிய நடைமுறை கொண்டுவந்தார்கள்: பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைத் தேவையில்லாமல் குற்ற வழக்கில் இழுக்காமல் இருப்பது எப்படி என்று.

நம் ஊர்த் தரவு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் குடும்பப் பின்னணி என்று ஒரு பத்தி உண்டு: பெற்றோருடன், காப்பாளருடன், வீடற்றவர். பெற்றோருடன் இருந்தவர்களே பெரும்பான்மை. இதை வைத்து "இல்லத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை" என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பத்தி பிடிபட்ட நாளின் நிலையைத்தான் கேட்கிறது. முன்பு எப்போதாவது நலக் குழு முன் வந்தவனா என்ற கேள்வியே படிவத்தில் இல்லை. இந்த மாதிரிப் பையன் அதில் "காப்பாளருடன்" என்று விழுந்துவிடுவான், ஐந்து வருட இல்ல வாழ்க்கை மறைந்துவிடும்.

#10 ராயபுரம் ரோஜா

//இல்லத்தில் போலீஸைக் கூப்பிடுகிறார்கள்//

இதைப் படித்ததும் இல்ல ஊழியர்களைத் திட்டத் தோன்றும். இரவில் அத்தனை பையன்களை ஒருவர் பார்க்கும் இடத்தில் கண்ணாடி உடைந்தால் அவரும் என்ன செய்வார்? அதனால் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், சம்பவம் நடக்கும்போது யோசிக்க முடியாது.

பொருள் உடைப்பு, பையன்களுக்குள் தள்ளுமுள்ளு, அனுமதியில்லாமல் வெளியே போனது, ஊழியரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது: இவை சம்பவப் பதிவேடு, ஆலோசகர், நிர்வாகக் குழு. காவல் நிலையம் வேண்டாம். ஆயுதம், பாலியல் வன்முறை, எலும்பு முறியும் அளவு காயம்: இவற்றைத் தெரிவித்தே ஆக வேண்டும், இல்லத்துக்குள் பேசி முடிக்கக் கூடாது. பாலியல் என்றால் போக்சோ படி தெரிவிக்காததே குற்றம்.

பையன் ஓடிப்போனால் காணாமல் போனவர் புகார் கொடுக்க வேண்டும். அது அவனைக் கண்டுபிடிக்க, அவன்மேல் வழக்குப் போட இல்லை. கூர்நோக்கு இல்லத்திலிருந்து தப்பினால்கூட, பிடித்து 24 மணி நேரத்தில் ஒப்படைக்க வேண்டும், தப்பியதற்காகத் தனி நடவடிக்கை கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. ஆனால் திரும்பி வந்த அன்று இரவு அவன்மேல் விழும் அடி எந்தப் பிரிவிலும் இல்லாதது. உடல்ரீதியான தண்டனைக்கு 82ஆம் பிரிவு இருக்கிறது, ஊழியர் வேலையை இழக்கலாம். 2022 கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்து, ஊழியர்கள் கைதாகி, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்ட பிறகுதான் வெளியுலகம் இந்த இல்லங்களைத் திரும்பிப் பார்த்தது.

விதிகளில், இல்லத்துப் பிள்ளைகளே கூடும் குழந்தைகள் குழு என்று ஒன்று இருக்கிறது. 6–10, 11–15, 16–18 என்று வயதுவாரியாக மூன்று. பல இடங்களில் பதிவேட்டில் மட்டும் கூடும். உண்மையாகக் கூடும் இடத்தில் யார் ஓடப்போகிறான் என்பது முந்தின வாரமே தெரிந்துவிடும்.

#11 ஓட்டேரி வக்கீல்

ரோஜா மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அந்த 20 வயதுக்காரரைப் பற்றி. சட்டத்தின் 83(2): பெரியவர் குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தினால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். பி.என்.எஸ். 95: குழந்தையைக் குற்றம் செய்ய அமர்த்தினால் குறைந்தது மூன்று வருடம், பத்து வரை. பெரியவர்மேல் இந்தப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். வண்டி யாருடையது, போன் யாரிடம் விற்கப்பட்டது என்று விசாரித்தாலே தெரிந்துவிடும். அது சேர்ந்தால் பையன் பக்கம் கதை மாறுகிறது: அவன் பயன்படுத்தப்பட்டவன், அதாவது நலக் குழுவுக்கும் உரியவன். 8(3)(ஜி) மனுவுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

இருவர் வழக்கையும் சேர்த்து நடத்த முடியாது, 23ஆம் பிரிவு. பெரியவர் வழக்கின் குற்றப்பத்திரிகைக்காகப் பையன் வழக்கு நிற்கவும் கூடாது. நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. சிறு குற்றத்தில் அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்ததாகும், 14(4). ஆறு மாதம் ஆன அன்று மனு போட நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

#12 எட்டாம் வகுப்பு பி பிரிவு

பள்ளிப் பக்கம் சுருக்கமாக. 14 வரை கல்வி உரிமைச் சட்டம்; மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. 15 வயதுப் பையனுக்கு அந்தப் பிடி இல்லை, தலைமையாசிரியர் மனதைப் பொறுத்தது. எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்) பழைய பள்ளியில் மாட்டிக்கொண்டிருக்கும், முதலில் அதை விடுவிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பை முடிக்காதவன் என்றால் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் போதும். எட்டு தேறினால் ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் உண்டு.

குழுமத்தில் வாய்தா தேதிகளைப் பள்ளி நாளில் போட்டுக்கொண்டே இருந்தால் சேர்த்த பையன் இரண்டே மாதத்தில் மறுபடி நின்றுவிடுவான். ஆஜராவதிலிருந்து விலக்கு கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

#13 வியாசர்பாடி சுரேகா

பண உதவி? பாட்டியால் சோறு போட முடியாததால்தானே பையன் வெளியே நிற்கிறான்.

#14 தாம்பரம் தடம்

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. வருமானச் சான்று, குழந்தையின் ஆதார், வங்கிக் கணக்கு, தந்தையின் இறப்புச் சான்று. கடைசியாகச் சொன்னதில்தான் பாதி விண்ணப்பம் நிற்கும். மருத்துவமனையில் இறக்காமல் வீட்டில் இறந்து பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆணை வரை போக வேண்டும். அதை இன்றே தொடங்குங்கள். மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000, 18 வயது வரை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாதவர்களுக்கும்.

பணம் வர மாதங்கள் ஆகும். ஜாமீன் மனுவில் "நிதி ஆதரவுக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று ஒப்புகைச் சீட்டைச் சேர்த்தாலே குழுமத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

#15 கீழ்ப்பாக்கம் ரவுண்டு

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதே பாதையில் அவர்கள் வழக்கு வேறு மாதிரி வரும். காதலித்து ஊரைவிட்டுப் போன 17 வயதுப் பெண் நலக் குழுவில், அந்த 17 வயதுப் பையன் போக்சோவில் குழுமத்தில். பெண்ணைப் "பாதுகாப்புக்காக" என்று மாதக்கணக்கில் இல்லத்தில் வைப்பார்கள், அவள் எந்தக் குற்றமும் செய்யாதவள். அதற்குத் தனி இழை வேண்டும்.

#16 ராயபுரம் ரோஜா

தொடங்குங்கள், வருகிறேன்.

#17 ஓட்டேரி வக்கீல்

வழக்கு முடிந்த பின் ஒரு வேலை பாக்கி. 24ஆம் பிரிவின்படி இந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் இல்லை. பதிவுகளை மேல்முறையீட்டுக் காலமோ ஏழு வருடமோ முடிந்ததும் அழிக்க வேண்டும். முடிந்த வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது, 74(2). ஆனால் காவல் நிலையத்தில், செல்போனில் எடுத்த பையன்களின் படத் தொகுப்பு ஒன்று இருக்கும். அடுத்த தெருவில் போன் போனால் முதலில் அந்தப் படத்தில் உள்ள பையன்களைத்தான் கூட்டிப்போவார்கள். இறுதி ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் ஒன்று, வக்கீலிடம் ஒன்று. மறுபடி கூட்டிப்போனால் அந்த நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) தகுதிக்குக் குறையாமல் ஒருவர் இருக்க வேண்டும். பேசுவது அவரிடம்தான். லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்தில் குழுமம் முன்.

#18 பெரம்பூர் தன்னார்வலர்

கடைசியாக ஒன்று. அம்மா இப்போது வேறு ஊரில், தொடர்பில் இல்லை. பாட்டி கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா? "சட்டப்படியான காப்பாளர் இல்லையே" என்று கேட்டார்கள்.

#19 நன்னடத்தை நோட்டு

ஏற்றுக்கொள்ள வேண்டும். காப்பாளர் என்பதற்கு இந்தச் சட்டத்தில் விரிந்த பொருள். குழந்தையை உண்மையில் கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், குழுவோ குழுமமோ அப்படி ஏற்றுக்கொண்டவர் என்றால் போதும். நம் வழக்கில் நலக் குழுவே பாட்டியிடம் ஒப்படைத்து ஆணை போட்டிருக்கிறது. அந்த ஆணை நகல்தான் பாட்டியின் தகுதிச் சான்று.

அது அலுவலகத்தில் கிடைக்க நாளாகும். பாட்டியிடமே கேளுங்கள். ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டு, அப்பாவின் போட்டோ எல்லாம் இருக்கும் துணிப்பையில் மடித்து வைத்திருப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரை போட்ட தாளைத் தூக்கிப் போடமாட்டார்கள்.

#20 பெரம்பூர் தன்னார்வலர்

அந்த ஆணையில் பையன் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால்?

#21 நன்னடத்தை நோட்டு

இல்லத்தில் சேர்த்தபோது பையன் வாயால் சொன்னதை எழுதியிருப்பார்கள், அதனால் இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்று பாட்டியின் ஒரு பக்க உறுதிமொழி, கூடவே பள்ளிப் பதிவேட்டு நகல். மனுவில் இரண்டு பெயரையும் "என்கிற" போட்டு எழுதிவிடுங்கள். காலை பத்து மணிக்குள் கெல்லிஸில் இருங்கள். மதியம் போனால் அடுத்த தேதிதான்.